அம்மா வந்திருக்கிறாள்

நெட்டுக்குப்பம்
4-2-1975

அம்மை குத்தும் உத்தியோகத்தில் இருக்கும் அருள்பிரகாசம் அவர்களுக்கு,

உங்கள் மனைவி ஹில்டா எழுதுவது. நான் சுகம். நீங்கள் சுகமா என்று கேட்க எனக்கு இஷ்டமில்லை, அதனால் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ராயபுரத்தில் பஸ் ஏறியதிலிருந்து எண்ணூரில் இறங்கும் வரை அம்மா வாயைத் திறக்கவில்லை. சிலுவையம்மாள் பேசாமல் வருகிறாள் என்றால் அது எவ்வளவு பயங்கரம் என்று மருமகனான உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கண்டக்டர்கூட டிக்கெட் கேட்காமல் இரண்டு தடவை தாண்டிப் போனான்.

பூசை முடிந்து வந்து, மகள் வீட்டில் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, ஒரு மனுஷி பாயில் படுத்துத் தூங்கினால் அவள் கையில் ஊசியால் குத்தலாம் என்று உங்கள் ஆபீஸில் எந்தப் புத்தகத்தில் போட்டிருக்கிறது? அவள் தூக்கக் கலக்கத்தில் மீன் கூடைக்குள் கை விட்டதாக நினைத்துக்கொண்டு, "கெளுத்தி குத்திட்ச்சி" என்று கத்தியதில் தெருவே திரண்டு வந்துவிட்டது. நீங்கள் ஊசியைக் கையில் பிடித்துக்கொண்டு, முடிந்துவிட்டது அத்தை, முடிந்துவிட்டது என்று சிரித்தீர்கள். குத்தினதைக்கூட மன்னிப்பேன். அந்தச் சிரிப்பை மன்னிக்க மாட்டேன்.

அம்மா அந்த ஊசியை ஏன் வேண்டாம் என்கிறாள் என்று உங்களுக்குத் தெரியும். நான் கைக்குழந்தையாக இருந்தபோது குப்பத்தில் பெரியம்மை விளையாடியது. இரண்டு பக்கத்து வீட்டிலும் பிள்ளைகள் போய்விட்டன. அம்மா செபஸ்தியார் படத்துக்கு முன்னால் முட்டிபோட்டு, இந்தப் பெண்ணை எனக்கு விட்டுவிடு, இனி இந்த வீட்டுக்கு நீதான் காவல், வேறு எவனிடமும் கையை நீட்ட மாட்டேன் என்று பொருத்தனை வைத்தாள். அந்த வாக்கை இத்தனை வருஷம் காப்பாற்றியவள். (கல்யாணமான மறு வாரமே நீங்கள் எனக்குக் குத்திவிட்டது அவளுக்கு இன்னும் தெரியாது. நீங்களும் சொல்ல வேண்டாம்.)

நாளைக்கு அவள் வேளாங்கண்ணிக்குப் போகிறாள். செபஸ்தியாரிடம் நேராகப் பேச முகமில்லையாம், மாதா மூலம் பேசப் போகிறாள். நான் இங்கே வீட்டுக் காவல். நீங்கள் நெட்டுக்குப்பம் வந்து அம்மா முன்னால் நின்று மன்னிப்புக் கேட்டால் ஒழிய நான் ராயபுரத்து வாசலை மிதிக்க மாட்டேன்.

பரண்மேல் மாங்காய் ஊறுகாய் இருக்கிறது. அதைத் தொடாதீர்கள்.

ஹில்டா


ராயபுரம்
7-2-1975

அன்புள்ள ஹில்டா,

உன் கடிதம் கிடைத்தது. மேற்படி சம்பவம் குறித்து என் தரப்பைச் சொல்ல வேண்டியது என் கடமை.

கிறிஸ்துமஸிலிருந்து நான் அத்தையிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். சிரித்துக் கேட்டேன், சட்டம் சொல்லிக் கேட்டேன், புதுப் புடவை வாங்கிக் கொடுத்துக் கேட்டேன். புடவையை வாங்கிக்கொண்டார், கையைக் கொடுக்கவில்லை.

நிலைமையை நீ புரிந்துகொள்ள வேண்டும். அமெரிக்காக்காரனும் ரஷ்யாக்காரனும் வேறு எதிலும் சேர மாட்டார்கள், இந்த ஒரு காரியத்தில் சேர்ந்து மருந்து கொடுக்கிறார்கள். பீகாரில் வீடு வீடாகத் தேடிப்போகிறார்கள். எத்தியோப்பியாவில் மலைமேல் கழுதையில் ஏறிப் போய்க் குத்துகிறார்கள். பெரியம்மையை உலகத்தை விட்டே துரத்திவிடப் போகிறோம் என்று எங்கள் டாக்டர் மேஜையைத் தட்டிச் சொல்கிறார். எத்தியோப்பியாக்காரன் கையை நீட்டுகிறான். உன் அம்மா நீட்ட மாட்டேன் என்கிறார். எங்கள் சானிட்டரி இன்ஸ்பெக்டர் ராசையா எல்லார் முன்னாலும், "இன்னா அருளு, ஊருக்கெல்லாம் குத்தற, உன் மாமியா கையி மட்டும் வழவழன்னு கீதாமே" என்றார். அன்றைக்கு எனக்கு மத்தியானச் சோறு இறங்கவில்லை.

ஆகவே உயிரைக் காப்பாற்றியதற்காக மன்னிப்புக் கேட்க இயலாது. ஒரு வீட்டில் கேட்டால் நாளைக்கு ஒவ்வொரு வீட்டிலும் கேட்க வேண்டி வரும்.

மற்றபடி நீ இல்லாமல் வீடு நன்றாக இல்லை. சாயங்காலம் வந்து கதவைத் திறந்தால் திட்டுவதற்கு ஆளில்லை. நீ வந்துவிடு.

ஊறுகாயை எடுத்துவிட்டேன்.

அருள்பிரகாசம்


நெட்டுக்குப்பம்
17-2-1975
(கார்டு)

அம்மா வந்திருக்கிறாள். சனிக்கிழமை வந்தாள். ரொம்ப உக்கிரமாக இருக்கிறாள். இளநீரும் கூழும் கொடுத்துக் குளிரவைக்கப் பார்க்கிறேன், லேசில் இறங்குகிற மாதிரி தெரியவில்லை. நேற்று பக்கத்து வீட்டு மங்கம்மா அக்கா வீட்டுக்கும் போய்விட்டாள். அங்கே பிள்ளைகளைக்கூட விடவில்லை. இப்போது யாரும் இந்தப் பக்கம் வர வேண்டாம். நீங்கள் முக்கியமாக வராதீர்கள்.

ஹில்டா


நெட்டுக்குப்பம்
20-2-1975

அருள்பிரகாசம் அவர்களுக்கு,

உங்கள் மூளையில் என்ன இருக்கிறது? ஊசியில் தொடுகிற அம்மைப்பாலா?

நேற்றுக் காலை அம்மா வாசலில் உட்கார்ந்து சென்னாங்குன்னி இறாலை உலர்த்திக்கொண்டிருந்தாள். இரண்டு ஜீப் வந்து நின்றது. ஒரு டாக்டர், பெட்டி தூக்க ஆட்கள், ஒலிபெருக்கி பிடித்துக்கொண்டு ஒருவர். அந்த ஒலிபெருக்கிதான் உங்கள் ராசையா என்று பிறகு தெரிந்தது.

அவர் அம்மாவிடமே கேட்டார், "இந்த வூட்டுக்கு அம்மா வந்துகீதாமே?"

அம்மா சொன்னாள், "வந்துகீறேன். இப்ப அதுக்கு இன்னா?"

"எப்ப வந்துச்சு?"

"சனிக்கெயமை பஸ்ல வந்தேன். உனக்கு இன்னாத்துக்கு அந்த சமாச்சாரம்?"

அதற்குள் டாக்டர் அம்மாவின் முந்தானையை விலக்கிக் கையைப் பார்த்துவிட்டார். அங்கே பாதி காய்ந்து பொருக்குத் தட்டிய ஒரு கொப்புளம். நீங்கள் குத்திய இடம். அவர் இங்கிலீஷில் ஏதோ சொன்னார், ராசையா பின்னால் நகர்ந்தார், வாசலில் கயிறு கட்டிவிட்டார்கள். அம்மா உடம்பில் இருந்த ஒரே அம்மை நீங்கள் வைத்த அம்மைதான் என்று அவர்களுக்குப் புரிவதற்குள், படகில் இருந்தவர்களைக்கூடக் கரைக்குக் கூப்பிட்டுக் குப்பம் முழுக்கக் குத்தித் தீர்த்துவிட்டார்கள். அம்மாவிடம் திட்டு வாங்கியது போதாதென்று மங்கம்மா அக்கா இரண்டு கையிலும் ஊசி வாங்கியிருக்கிறாள், வரிசை மாறிப் போய். இப்போது தண்ணிக் குழாயில் ஒருத்தியும் என்னோடு பேசுவதில்லை.

இரண்டாவது ஜீப்பில் ஒரு காக்கிச் சட்டை குனிந்து உட்கார்ந்திருந்தது. முகம் தெரியவில்லை. ஆனால் அந்தக் காலரைத் தைத்தவள் நான். என் அம்மா உயிரோடு, சுகமாக, துடைப்பத்தோடு நிற்பதைப் பார்த்த பிறகும் இறங்கி வந்து ஒரு வார்த்தை சொல்ல உங்களுக்குக் கால் வரவில்லை.

ஹில்டா


ராயபுரம்
22-2-1975

அன்புள்ள ஹில்டா,

உன் கார்டை முன்னால் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். நீயே படித்துப் பார். அம்மா வந்திருக்கிறாள், உக்கிரமாக இருக்கிறாள், கூழ் ஊற்றிக் குளிரவைக்கிறேன், இறங்கவில்லை, பக்கத்து வீட்டுக்கும் போய்விட்டாள், பிள்ளைகளையும் விடவில்லை, யாரும் வர வேண்டாம். பன்னிரண்டு வருஷம் அம்மை குத்தியவன் இதை எப்படிப் படிப்பான்? அம்மை என்று யாரும் பேரைச் சொல்ல மாட்டார்கள், அம்மா வந்திருக்கிறாள் என்றுதான் சொல்வார்கள், அந்த வார்த்தை காதில் விழுந்தால் அங்கேயே நில் என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். நெட்டுக்குப்பத்தில் நம் வேதக்காரரும் அப்படித்தானே சொல்கிறார்கள்.

கார்டைப் படித்ததும் எழுந்து ஓடினேன். உனக்கும் வந்துவிட்டதோ என்றுதான் முதலில் நினைத்தேன். ஆபீஸ்வரைக்கும் செருப்பில்லாமல் போயிருக்கிறேன், அங்கே போய்த்தான் தெரிந்தது. ஜீப்பில் வரும்போது அழுதேன். ராசையாவைக் கேள், அவர் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

இறங்காததற்குக் காரணம் சொல்கிறேன். அத்தை கையில் துடைப்பம் இருந்தது.

பட்டணத்தில் பல வருஷமாகப் பெரியம்மை கிடையாது. இருந்ததாகச் சொல்லி இரண்டு ஜீப் ஓட்டியதற்கு என்னிடம் விளக்கம் கேட்டிருக்கிறார்கள். "என் மாமியார் ஊரிலிருந்து திரும்பி வந்தார்" என்று எழுதிக் கொடுத்தேன். டாக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார்.

ஜீப் விஷயத்துக்காக மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். அத்தையிடம் சொல். ஊசி விஷயம் வேறு, அதில் நான் மாறவில்லை. இனிமேல் எழுதும்போது "என் தாயார் சிலுவையம்மாள்" என்று முழுப் பேரும் போட்டு எழுது.

அருள்பிரகாசம்


நெட்டுக்குப்பம்
5-3-1975
(கார்டு)

என் தாயார் சிலுவையம்மாளுக்கு அம்மா வந்திருக்கிறாள். நேற்று வந்தாள். உடனே புறப்பட்டு வாருங்கள்.

ஹில்டா


ராயபுரம்
7-3-1975
(கார்டு)

அன்புள்ள ஹில்டா, உன் தாயார் சிலுவையம்மாளின் அம்மா நம் கல்யாணத்துக்கு முன்பே காலமாகிவிட்டார். போன கல்லறைத் திருநாளில் நாம்தானே மெழுகுவத்தி ஏற்றினோம். இப்போது வந்திருப்பது யார்? சின்னம்மா பெரியம்மா முறையா? உறவைத் தெளிவாக எழுதவும். மறுபடி ஜீப் கேட்க என்னால் முடியாது.

அருள்பிரகாசம்


நெட்டுக்குப்பம்
8-3-1975

என்னங்க,

பேரைச் சொல்லக் கூடாது என்று அம்மா என் வாயில் கை வைத்து அடைக்கிறாள். நான் எழுதிவிடுகிறேன், பாவம் என் தலையில் விழட்டும். அம்மை. அம்மாவுக்கு அம்மை வந்திருக்கிறது. நெஞ்சிலும் முதுகிலும் முத்து முத்தாக, நிற்காத காய்ச்சல். பெரிசா சின்னதா என்று எனக்குத் தெரியவில்லை. வாக்கு மீறினதற்குச் செபஸ்தியார் காவலை எடுத்துவிட்டார் என்று சொல்லிச் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாள். கூழைக்கூடத் தொடவில்லை.

எனக்குப் பயமாக இருக்கிறது. உங்கள் கோபம், என் கோபம், மன்னிப்பு, ஊறுகாய் எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். வாருங்கள்.

ஹில்டா


நெட்டுக்குப்பம்
12-3-1975

அன்புள்ள ஹில்டா,

நீ பத்திரமாக ராயபுரம் போய்ச் சேர்ந்திருப்பாய். உன்னை அப்படிப் பிடித்து பஸ்ஸில் ஏற்றியதற்குக் கோபித்துக்கொள்ளாதே. உனக்கு இது வந்ததே இல்லை, வளர்ந்தவர்களுக்கு வந்தால் கடுமையாக இருக்கும். எனக்குச் சின்ன வயதிலேயே வந்துபோய்விட்டது. ஆகவே இருக்க வேண்டியவன் நான்தான்.

டாக்டர் நேற்று பஸ்ஸில் வந்தார், ஜீப் வேண்டாம் என்று நான்தான் காலைப் பிடித்துக் கேட்டுக்கொண்டேன். சின்னம்மைதான். உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் இல்லை, ஒன்று காய்வதற்குள் பக்கத்தில் இன்னொன்று புதிதாக வருகிறது. வேளாங்கண்ணி பஸ்ஸில் யாரிடமிருந்தோ ஒட்டியிருக்கும் என்றார். அத்தை ஒப்புக்கொள்ளவில்லை. "குத்துன, வந்துச்சு. இதுல இன்னா டாக்டரு" என்கிறார்.

ஊசி வேறு, இது வேறு என்று விளக்கினேன். அத்தை ஒரு கண்ணைத் திறந்து, "அப்ப இதுக்குத் தனியா ஊசி கீதா?" என்று கேட்டார்.

இல்லை என்று சொல்ல வேண்டியதாயிற்று. உலகத்தில் எங்கும் போடுவதில்லை, ஜப்பானில் ஒரு டாக்டர் தயார் பண்ணிக்கொண்டிருப்பதாக எங்கள் டாக்டர் படித்திருக்கிறார் என்றேன்.

"ஜப்பான்காரன் வரங்காட்டியும் நான் சொறிஞ்சிகினே போய்ச் சேந்துருவேன். நீ இன்னாத்துக்கு இங்க குந்திகினு கீற?" என்றார்.

நான் வேப்பிலையால் விசிறிக்கொண்டிருந்தேன்.

வீட்டில் தாளிக்கக் கூடாது. நான் தலை வாரக் கூடாது, சவரம் செய்யக் கூடாது. மங்கம்மா அக்கா வாசலில் நின்று அதிகாரம் பண்ணுகிறாள், இரண்டு கையிலும் வாங்கியவள் என்பதால் எதிர்த்துப் பேச முடியவில்லை. வேப்பிலை கட்டியது நான். ஏணியில் நின்று கட்டிக்கொண்டிருந்தபோது ராசையா பார்க்க வந்துவிட்டார். நின்று பார்த்துவிட்டு, தொப்பியைச் சரிசெய்துகொண்டு போய்விட்டார். நாளைக்கு ஆபீஸில் என்ன கதை ஓடுமோ தெரியாது.

அருள்பிரகாசம்


ராயபுரம்
15-3-1975

என்னங்க,

முதலில் ஒன்று. நான் இந்த வீட்டில் இருப்பதை நான் திரும்பி வந்ததாக நீங்கள் எடுத்துக்கொள்ளக் கூடாது. வியாதிக்காக ஒதுங்கியிருக்கிறேன், அவ்வளவுதான். என் வார்த்தை வார்த்தைதான்.

ஊறுகாய் ஜாடியில் எண்ணெய்கூட மிச்சமில்லை. நீங்கள் வெறும் ஊறுகாயைத் தின்றே இருந்திருக்கிறீர்கள் என்று அடுப்பைப் பார்த்தால் தெரிகிறது. ஒரு பக்கம் சிரிப்பு வந்தது, ஒரு பக்கம் பாவமாக இருந்தது. கொஞ்சம் சோறு வடிக்கத் தெரியாத மனுஷனை விட்டுவிட்டுப் போனேனே என்று இருந்தது.

தெருவில் கேட்கிறார்கள், அருள் எங்கே என்று. மாமியாருக்கு வேப்பிலை வீசிக்கொண்டிருக்கிறார் என்றேன். யாரும் நம்பவில்லை. எதிர்வீட்டு அஜீசுன்னிசா அக்கா, உன் புருஷன் எங்கே ஓடிப்போய்விட்டார், உண்மையைச் சொல் என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டாள்.

அம்மாவுக்குக் கூழை ஆறவைத்துக் கொடுங்கள், சின்ன வெங்காயம் உரித்துப் போடுங்கள். இருமல் இருந்தால் மறைக்காமல் எழுதுங்கள். நான் இங்கே சிரித்துக்கொண்டு எழுதுகிறேன் என்று நினைக்காதீர்கள், கதவு தட்டும் சத்தம் கேட்டாலே உயிர் போகிறது.

அங்கே இருக்கும்போதே அந்த மன்னிப்பையும் கேட்டுவிடுங்கள். அவள் படுத்திருக்கும்போது கேட்டால்தான் உண்டு. எழுந்து நடமாட ஆரம்பித்தால் யார் பேச்சையும் காதில் வாங்க மாட்டாள்.

ஹில்டா


நெட்டுக்குப்பம்
20-3-1975

அன்புள்ள ஹில்டா,

இருமல் இருந்தது. மறைத்துவிட்டேன். வெள்ளிக்கிழமையும் சனிக்கிழமையும் மூச்சு இழுத்துக்கொண்டு கிடந்தார். டாக்டர் மருந்து கொடுத்தார், நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அத்தை என்னைச் செபஸ்தியார் பிரார்த்தனை சொல்லச் சொன்னார், எனக்குப் பாதிதான் தெரியும், மீதியை அவரே இருமி இருமிச் சொல்லிக் கொடுத்தார். அன்றைக்கு நான் நிஜமாகவே வேண்டிக்கொண்டேன். இத்தனை வருஷம் எத்தனையோ வீட்டில் அம்மை பார்த்திருக்கிறேன். கதவுக்கு வெளியே நின்று கையை மட்டும் பார்ப்பேன், குத்துவேன், போய்விடுவேன். உள்ளே உட்கார்ந்திருப்பது இப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

இப்போது பயம் இல்லை. எல்லாம் காய்ந்து உதிர்கிறது. இன்று மங்கம்மா அக்கா தலைக்குத் தண்ணீர் ஊற்றினாள். அத்தை ஈரத் தலையோடு வெயிலில் வந்து உட்கார்ந்தார்.

நான் போய் முன்னால் நின்றேன். "அத்தை, தூங்கறப்போ குத்துனது தப்பு. மன்னிச்சிடுங்க" என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். தாடியோடு நான் எப்படி இருந்தேனோ. "குத்துனது தப்பா, தூங்கறப்போ குத்துனது தப்பா?" என்று கேட்டார்.

"தூங்கறப்போ குத்துனதுதான் தப்பு" என்றேன். பொய் சொல்ல வரவில்லை, ஹில்டா. இதோடு எல்லாம் கெட்டது என்று நினைத்தேன்.

"முயிச்சிகினு கீறப்போ கேட்டிருந்தா வேணாம்னுதான் சொல்லியிருப்பேன். அப்ப இன்னா பண்ணியிருப்ப?"

"மறுபடியும் வந்து கேட்டிருப்பேன்."

"நான் சாவற வரைக்குமா?"

ஆமாம் என்றேன்.

அத்தை எழுந்து உள்ளே போய் என் பையை எடுத்து வந்து என் கையில் கொடுத்தார். புடவையை ஒதுக்கி மற்றக் கையை நீட்டினார். குத்து என்றார்.

முன்பு குத்தியதே நன்றாகப் பிடித்துவிட்டது, இனி அவசியமில்லை என்று சொன்னேன்.

"அது நீ திருடிகினு போனது. இது நான் குடுக்கறது" என்றார். "நாளைக்கு செபஸ்தியாரு கேட்டா, நான்தான் கைய நீட்னேன்னு சொல்லிக்கறேன். வாக்கு குட்த்தவ நானு, மீறுனவளும் நானாவே இருந்துட்டுப் போறேன். உம்மேல ஒரு பழியும் வரக் கூடாது நைனா. நீ எம் பொண்ணோட வாழணும்."

வெறும் ஊசியால் ஏமாற்றவில்லை. மருந்து தொட்டுத்தான் குத்தினேன். அவர் கண்ணை மூடவே இல்லை, ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்ததும், "தோ, இம்மாத்தூண்டு தானா?" என்று கேட்டார். உனக்குக் கல்யாணமான மறு வாரமே குத்திவிட்டேன் என்பதையும் அப்போதே சொல்லிவிட்டேன். ரொம்ப நேரம் சிரித்தார். அது அவருக்கு அப்போதே தெரியுமாம்.

அத்தை குருத்தோலை ஞாயிறு பூசைக்கு என்னோடு ராயபுரம் வருகிறார். நீ நெட்டுக்குப்பம் போவதானால் போகலாம், உன் வார்த்தை உன் வார்த்தைதான். ஆனால் போகாதே.

அருள்பிரகாசம்


ராயபுரம்
21-3-1975
(கார்டு)

என்னங்க, உங்கள் கடிதத்தை அஜீசுன்னிசா அக்காவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். பாதிக்கு மேல் என்னால் படிக்க முடியவில்லை, மீதியை அவள் கேட்டுக் கேட்டு என்னை அழவைத்தாள். சவரம் பண்ணிக்கொண்டு வாருங்கள், கோயிலில் யாராவது பயந்துவிடப் போகிறார்கள். அம்மாவை ஜன்னல் பக்கம் உட்காரவைத்துக் கூட்டி வாருங்கள். இந்தப் பத்து நாளும் நான் இங்கே ஒதுங்கித்தான் இருந்தேன். இன்று காலையில்தான் வீட்டுக்குத் திரும்பி வந்தேன்.

ஹில்டா